ஆபரேட்டர், புரோகிராமர், சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்: யாருக்கு என்ன வேலை? பாய்வுப் படத்தை வரைவது யார்?

டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது, ஆனால் "அது வெறும் தட்டச்சு வேலை, படித்துப் புரோகிராமராகப் போ" என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். ஆபரேட்டருக்குப் பாய்வுப் படம் (ஒரு வேலை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று பெட்டிகளும் அம்புகளுமாகக் காட்டும் ஃப்ளோசார்ட்) எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிப்படிப்பு முடித்த கையோடு வந்த வேலையாக இருக்கும், விடவும் மனமில்லை, வீட்டாரை மீறவும் முடியவில்லை என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். வெறும் தட்டச்சு என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. பதில் நீளும்.

முதலில் பாடப்புத்தக விடை. அலுவலகத்தில் வேலை எப்படி நடக்கிறது, கணினியிடம் எதை ஒப்படைக்கலாம் என்று ஆராய்ந்து திட்டம் வகுத்து, அதைப் பாய்வுப் படமாக வரைபவர் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட். அந்தத் திட்டத்தைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக, அதாவது நிரலாக, எழுதுபவர் புரோகிராமர். அன்றாடம் வரும் சீட்டுகளையும் படிவங்களையும் பார்த்து உள்ளிடுபவர் ஆபரேட்டர். இயந்திரத்தைப் பழுது பார்க்க ஹார்டுவேர் ஆட்கள் தனியாக உண்டு. பரீட்சைக்கு இது போதும். வேலைக்குப் போதாது.

நான் மொரீஷியஸில் ஒரு சர்க்கரை ஆலையில் ஆபரேட்டராக இருந்தவள். ஆலையின் பெயர் வேண்டாம். 1990களின் தொடக்கம். எங்கள் தீவில் கரும்பு வெட்டு ஆண்டின் பிற்பாதியில்தான். அந்த மாதங்களில் ஆலை இரவும் பகலும் ஓடும். சிறு விவசாயிகள் பலர், அவர்களில் எங்கள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு, அரை ஏக்கர் ஒரு ஏக்கர் கரும்பை லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். அந்நாளில் கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையில் 78 விழுக்காடு விவசாயிக்கு, மீதி ஆலைக்கு. ஆகவே எடைமேடைச் சீட்டில் ஓர் எண் பிசகினால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் பிசகும்.

சீட்டில் லாரி எண், விவசாயியின் குறியீட்டு எண், சரக்கோடு எடை, காலி லாரியின் எடை ஆகியவை இருக்கும். நான் அவற்றை உள்ளிட வேண்டும், முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து நிகர எடையைக் கணினி போட்டுக்கொள்ளும். ஆனால் சில சீட்டுகளின் ஓரத்தில் பென்சிலால் இன்னொரு குறியீட்டு எண்ணும் இன்னொரு எடையும் எழுதியிருக்கும். லாரி வாடகை மிச்சமாகட்டும் என்று அண்டை நிலத்துக்காரர்கள் இருவர் சேர்ந்து ஒரே லாரியில் அனுப்பியிருப்பார்கள். எடைமேடைக்காரர் கெட்டிக்காரர். முதலில் முழு லாரியை எடை போடுவார், ஒருவரின் கரும்பை இறக்கியபின் மறுபடி எடை போடுவார், எல்லாம் இறங்கியபின் மூன்றாம் முறை. 14,200 கிலோ, 10,650 கிலோ, 5,900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவருக்கு 3,550, இரண்டாமவருக்கு 4,750. கணக்கு பளிச்சென்று இருக்கிறது. ஆனால் என் திரையில் ஒரே ஒரு குறியீட்டுக்குத்தான் இடம். நடுவில் எடுத்த எடைக்கு இடமே இல்லை. 8,300 கிலோவும் முதலாமவர் பெயரில் ஏறியது. இதை மேற்பார்வையாளரிடம் நான் சொன்னபோது, "திரை கேட்பதை மட்டும் போடு" என்று பதில் வந்தது.

ஒருநாள் ஒரு பெரியவர் கரும்புப் பணப் பட்டுவாடாப் பட்டியலோடு வந்து நின்றார். "அம்மா, லாரியில் ஏற்றியபோது நானே கூட இருந்தேன். என் கரும்பு எங்கே போயிற்று?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. மேற்பார்வையாளர் அவரிடம் தயங்காமல், "டேட்டா என்ட்ரியில் தவறு" என்றார்.

அன்று மாலை, அந்த வேலைக்கென வரைந்த பாய்வுப் படத்தைக் கோப்பிலிருந்து கேட்டு வாங்கினேன். படிக்க ஒன்றும் கடினமில்லை, நீங்களும் படித்துவிடலாம். தொடக்கமும் முடிவும் நீள்வட்டத்தில். உள்ளிடுவதும் வெளியிடுவதும் இணைகரத்தில். கணக்கிடுவது செவ்வகத்தில். முடிவெடுக்கும் இடம் சாய்சதுரம்: அதனுள் ஒரு கேள்வி, வெளியே ஆம் என்று ஓர் அம்பு, இல்லை என்று ஓர் அம்பு. எங்கள் தீவில் புயல் எச்சரிக்கையின் நாலாம் வகுப்பு, அதாவது உச்ச நிலை, எப்போது அறிவிக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்று வீச்சு மணிக்கு 120 கிலோமீட்டரை எட்டி, அது தொடரும் நிலை இருக்கிறதா? அது ஒரு சாய்சதுரம். மற்ற பெட்டிகளை யாரும் வரைந்துவிடலாம். எந்த இடத்தில் கேள்வி கேட்க வேண்டும் என்று அறிவதுதான் கடினம்.

அந்தப் படத்தில் ஒரே ஒரு சாய்சதுரம் இருந்தது: "குறியீட்டு எண் சரியானதா?" அவ்வளவுதான். நான் பென்சில் எடுத்து, கழித்தல் நடக்கும் செவ்வகத்துக்குக் கீழே இன்னொன்று வரைந்தேன்: "லாரி காலியாகிவிட்டதா?" இல்லை என்றால் அம்பு மேலே திரும்பிப் போய் அடுத்த குறியீட்டு எண்ணையும் அடுத்த எடையையும் கேட்க வேண்டும். ஆம் என்றால் சீட்டு அச்சாகி வேலை முடிய வேண்டும். இருவர் கரும்பானாலும் நால்வர் கரும்பானாலும் அந்த ஒரு சுற்றே போதும். புரோகிராமர் நல்ல பையன். பார்த்ததும், "அக்கா, இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே" என்றான். உடனே நிரலைத் திருத்திக்கொடுத்தான். பென்சில் குறிப்புள்ள பழைய சீட்டுகளையெல்லாம் தேடி எடுத்து மறுபடி உள்ளிட்டோம். பெரியவருக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. ஆண்டறிக்கையில் பாராட்டு, முதலில் அந்தப் படத்தை வரைந்த அனலிஸ்ட்டுக்குப் போனது. அவர் எடைமேடைப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

அனலிஸ்ட்டுகளை மட்டம் தட்டுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை. பின்னாளில் நானே அந்த வேலையைத்தான் செய்தேன். முதல் நாள் ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டுகளைப் பார்க்காமல் ஒரு கோடும் போட்டதில்லை.

இந்தப் பாரபட்சம் புதிதும் அல்ல. 1946இல் எனியாக் கணினியை அமெரிக்காவில் உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அன்று செய்துகாட்டிய எறிபாதைக் கணக்கை (பீரங்கிக் குண்டு பாயும் பாதையின் கணக்கை) தயார் செய்தவர்கள் அவர்களில் இருவர், பின்னாளில் ஜீன் பார்ட்டிக், பெட்டி ஹோல்பர்ட்டன் என்று அறியப்பட்டவர்கள். அதைக் கொண்டாட அன்று நடந்த இரவு விருந்துக்கு அந்தப் பெண்களை அழைக்கவில்லை. மறுபக்கம், வேலையின் ஓட்டத்தைப் படமாக வரையும் பழக்கம் கணினிக்கும் முந்தியது. தொழிற்கூடங்களில் தொழிலாளர் கை அசைவைக்கூட உற்றுப் பார்த்து ஆராய்ந்த பிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921இல் அதை முன்வைத்தார்கள். கணித அறிஞர்களான ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நியூமனும் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தது 1940களின் பிற்பாதியில். வேலை செய்பவரைப் பார்ப்பதில்தான் இந்தப் படமே பிறந்தது.

கேள்விக்கு வெளியே ஒன்று, மனத்தில் இருப்பதால் சொல்கிறேன். எங்கள் மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதன்பின் இந்தி என்பது வழக்கம். 1998இல் வந்த புதிய தாள்களில் அந்த வரிசையை மாற்றித் தமிழைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தபின் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டார்கள். அச்சுக்குப் போகும் முன் "வரிசை சரியா?" என்று ஒரு தமிழரைக் கேட்டிருந்தால் அத்தனை செலவும் மனவருத்தமும் ஏன்? இன்றும் அந்த ஆத்திரம் எனக்கு ஆறவில்லை.

இப்போது யார் பாய்வுப் படம் வரைகிறார்கள், உள்ளிடும் வேலையையே இயந்திரம் எடுத்துக்கொண்டதே என்று கீழே எழுத வருபவர்களுக்கு: இயந்திரம் சீட்டைப் படிக்கட்டும். ஓரத்தில் பென்சிலால் எழுதியதை என்ன செய்வது என்று யாராவது அதற்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்தச் சீட்டோடு புழங்கியவர்தான்.

உங்களுக்கு: வேலையில் சேருங்கள். மாலையில் நிரல் எழுதவும் படியுங்கள், வீட்டாருக்கும் நிம்மதி. முதல் வாரத்திலேயே, திரையில் இடமில்லாமல் கையால் எழுதி வரும் குறிப்புகளை ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவையுங்கள். அந்த வேலைக்குப் பாய்வுப் படம் இருந்தால் கேட்டு வாங்கி, அப்படிப்பட்ட ஒரு சீட்டை எடுத்து, தொடக்க நீள்வட்டத்திலிருந்து விரலை வைத்து அம்பு வழியே போய்ப் பாருங்கள். விரல் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை எழுத்து மூலமாக மேலதிகாரிக்குக் கொடுங்கள், உங்கள் பெயரோடு. நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.