ஆறு பக்கப் பின்கதை இருந்தும் பேசாத திருடி

வணக்கம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடித்து ஆடும் மேசை விளையாட்டில், உங்கள் பாத்திரமான திருடிக்கு ஆறு பக்கம் பின்கதை எழுதியும் ஆட்ட மேசையில் அவள் வாயே திறப்பதில்லை, "பெற்றோரை இழந்தவள்" என்பதைத் தாண்டி யாருக்கும் அவளைத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு உழைப்பு வீணாகக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

பின்கதை, அவளுக்கு நடந்ததைச் சொல்கிறது. மேசையில் தேவைப்படுவது, இன்றைக்கு அவளுக்கு என்ன வேண்டும் என்பது. அவள் பழிவாங்கப்போகிறவன் பத்து ஆட்டம் தள்ளித்தான் வருவான், அதுவரை? டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு விதிநூலில் ஒரு பாத்திரத்தை உருவாக்கக் குணம், இலட்சியம், பிணைப்பு, குறை என்று நான்கு அம்சங்கள் இருக்கும். நான் முதலில் யோசிப்பது பிணைப்பைத்தான், அதுவும் சக ஆட்டக்காரரின் பாத்திரத்தோடு.

உங்கள் குழுவில் இருப்பதாகச் சொன்ன மதகுரு, ஒருமுறை காசு வாங்காமல் அவள் காயத்தை ஆற்றினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன்பட்டிருப்பது அவளுக்குப் பிடிக்காது. புதையலைப் பங்கிடும் ஒவ்வொரு முறையும், யாரும் பார்க்காமல் அவர் பையில் ஒரு நாணயம் போடுகிறாள். எடுத்தே பழகிய கை, போடுகிறது! ஒருநாள் அவர் அந்தக் கையைப் பிடித்துவிட்டால் நீங்கள் வசனம் தேடவே வேண்டியிருக்காது.

குறை என்றால் அதனால் அவளுக்கு நஷ்டம் வர வேண்டும். 'கோபக்காரி' போதாது, 'நேராகக் கேட்டால் பொய்தான் சொல்வாள்' என்று வையுங்கள்.

அப்புறம், கடன் விஷயத்துக்கு மதகுருவாக ஆடுபவரிடம் முதலிலேயே சம்மதம் கேளுங்கள். ஆனால் அவள் நாணயம் போடுவதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.