குரூப்பில் நாற்பது பேர், வகுப்பில் ஆறு பேர்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் ஐந்து ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்துகிறோம். பதிவு பெற்ற சிறிய அறக்கட்டளை. எட்டாம் வகுப்பு வரை படிக்கும் அறுபது பிள்ளைகள் வருகிறார்கள். தன்னார்வலர்களுக்கான வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். ஒழுங்காக வருபவர்கள் ஆறு பேர்தான். கல்லூரி மாணவர்கள் சான்றிதழ் கைக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தவறாமல் வருகிறார், ஆனால் பிள்ளைகளை மிகவும் கடிந்து பேசுகிறார். மாதாமாதம் ஊக்கத்தொகை கொடுத்தால் ஆட்கள் தங்குவார்களா? குரூப்பைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

பதில்: ஆறு பேர் ஒழுங்காக வருகிறார்கள் என்றால் உங்கள் மையம் நல்ல நிலையில்தான் இருக்கிறது அம்மா. மீதி முப்பத்து நாலு பேரைப் பற்றித்தான் உங்களுக்கு வருத்தம். அவர்களுக்கு மனம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்களைச் சேர்க்கும் வேலையைச் செய்துவருகிறேன். நான் பார்த்தவரை, வந்தவர் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: தனக்கு என்ன வேலை என்று அவருக்குத் தெரியவில்லை, தான் வந்ததையும் வராததையும் யாரும் கவனிக்கவில்லை.

என் பொறுப்பில் நடந்த ஒன்றையே சொல்கிறேன். எங்கள் மையத்துக்கு ஒரு சனிக்கிழமை வங்கி ஊழியர் ஒருவர் வந்தார். மாற்றலாகி ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் போனில் இருந்தேன். “உட்காருங்க சார், இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் அவராகவே பாய்களைச் சுருட்டி மூலையில் அடுக்கினார். அடுத்த வாரமும் வந்தார். வாசலில் சிதறிக் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தி வைத்தார். மூன்றாவது வாரம் சாக்பீஸ் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். நாலாவது வாரம் வரவில்லை. பல மாதம் கழித்து வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது பார்த்தேன்: அவர் பெயர் மூன்று முறை இருக்கிறது. “செய்த வேலை” என்ற கட்டம் மூன்று முறையும் காலி. அந்தக் காலிக் கட்டத்துக்கு முழுப் பொறுப்பு நான்தான். அன்றிலிருந்து, வேலை என்னவென்று முடிவு செய்யாமல் யாரையும் வரச் சொல்வதில்லை.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். “நேரம் கிடைக்கும்போது வந்து உதவுங்கள்” என்று குரூப்பில் போட்டால் யாருக்கும் நேரம் கிடைக்காது. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: “செவ்வாய், வியாழன் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேருக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். அரையாண்டுத் தேர்வு வரை.” கிழமை, நேரம், எத்தனை பிள்ளைகள், என்ன பாடம், எதுவரை என்று ஐந்து விஷயமும் இதில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்ன “எதுவரை” என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முடிவுத் தேதி இல்லாத வேலைக்கு யாரும் துணிந்து சரி சொல்ல மாட்டார்கள். மூன்று மாதம் என்று வரையறுத்துக் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள்; முடிந்தபின் அவர்களில் பலர் தாமாகவே தொடர்வார்கள்.

இதைக் குரூப்பில் போட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். நாற்பது பேரைப் பொதுவாகக் கேட்டால், வேறு யாராவது போவார்கள் என்று நாற்பது பேரும் நினைப்பார்கள். வராத முப்பத்து நாலு பேரையும் தனித்தனியாகப் போனில் கூப்பிடுங்கள். நாளுக்கு மூன்று பேர் என்றால் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். இப்போது வேலை எப்படி, வீடு எப்படி, வாரத்தில் எந்த மாலை கையில் இருக்கிறது என்று கேளுங்கள். வெளியூருக்குப் போய்விட்டவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். வகுப்பு எடுக்கக் கூச்சப்படுபவர், ஆனால் கணக்கு எழுத நன்றாக வரும் என்பவர் ஒருவர் இருப்பார்; வரவு செலவு நோட்டை அவரிடம் கொடுங்கள். வாரம் வர முடியாது, ஆண்டு விழா என்றால் ஓடி வருவேன் என்பவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களும் வேண்டும்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு அவர்களை எதிர்பார்க்கக் கூடாது.

அப்புறம், முதல் நாள். புதியவர் வரும்போது வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். பிள்ளைகளிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். முதல் இரண்டு முறை பழையவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், மூன்றாவது முறை தனிக் குழுவைக் கொடுங்கள். “பயிற்சி என்று சொன்னால் வருகிறவர்களும் ஓடிவிடுவார்களே” என்று நீங்கள் பயப்படலாம். வடகேரளத்தில் நடப்பதைப் பாருங்கள். மலப்புரத்தை மையமாக வைத்து 2000-களின் தொடக்கத்தில் வளர்ந்த வலி தணிப்பு சிகிச்சை வலையமைப்பில், நோயாளிகளின் வீடு தேடிச் செல்பவர்களில் பெரும்பாலானோர் அக்கம்பக்கத்துச் சாதாரண மக்கள்தான். வாரம் இரண்டு மணி நேரமாவது தர முடியுமா என்றுதான் அவர்களிடம் கேட்டார்கள். ஆனால் வேலையில் இறங்கும் முன் 16 மணி நேர வகுப்பும், அனுபவம் உள்ளவர்களோடு நாலு நாள் நோயாளிகளைப் பார்ப்பதும் உண்டு. கேட்ட நேரம் கொஞ்சம், கொடுத்த பயிற்சி கறார். தன்னை நம்பி ஒரு முக்கியமான வேலையைத் தரப்போகிறார்கள் என்று பயிற்சியே அவருக்குச் சொல்லிவிடுகிறது. நமக்கு 16 மணி நேரம் தேவையில்லை. ஒரு ஞாயிறு காலை போதும்.

கல்லூரி மாணவர்கள் சான்றிதழுக்காக வருகிறார்கள் என்பதைக் குறையாக எண்ணாதீர்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்குக்காக உங்களைத் தேடி வருவதில் என்ன தப்பு? வந்த அன்றே பேசிக்கொள்ளுங்கள்: இத்தனை மணி நேரம் செய்தால் இத்தனை மணி நேரத்துக்குச் சான்றிதழ், அதுவும் பதிவேட்டில் உள்ளபடி. பத்து மணி நேரம் வந்தவருக்கு நாற்பது என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரியிலிருந்து வருகிறவர்கள் அதையேதான் எதிர்பார்த்து வருவார்கள். உண்மையாக உழைத்த பையனுக்கு அது பெரிய அநியாயம். இன்னொன்று, செமஸ்டர் தேர்வு நடக்கும் நவம்பரிலும் ஏப்ரலிலும் அவர்களால் வர முடியாது. இது முன்கூட்டியே தெரிந்த விஷயம். ஜூன் மாதமே காலண்டரில் குறித்துவைத்து, அந்த வாரங்களில் உள்ளூர்க்காரர்களைப் போடுங்கள்.

ஊக்கத்தொகைக்கு வருவோம். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்ததை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அரசால் அதை எல்லோருக்கும் தர முடிந்தது. உங்களால் ஆறு பேருக்குக் கொடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? பணம் நின்ற மாதம் என்ன ஆகும்? என் கருத்து, வேண்டாம். ஆனால் யாரும் கைக்காசு செலவழிக்கும்படியும் விடாதீர்கள். பஸ் கட்டணம், நகல் எடுத்த செலவு, தேநீர் எல்லாம் அறக்கட்டளைக் கணக்கில் வர வேண்டும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பையன்கள் பக்கத்து ஊரிலிருந்து வர நாளுக்கு முப்பது, நாற்பது ரூபாய் ஆகலாம். அவர்கள் அதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், வருவதை நிறுத்திவிடுவார்கள். ஐந்து நாளும் ஒருவர் பொறுப்பாக இருந்தே ஆக வேண்டிய வேலை என்றால், அது தன்னார்வலர் வேலையே கிடையாது. அதற்குச் சம்பளம் போட்டு ஆள் வையுங்கள்.

அந்த ஆசிரியர் ஐயா விஷயம்தான் உங்கள் கேள்வியிலேயே கடினமானது. வயதில் பெரியவர், தவறாமல் வருபவர். அவரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் பிள்ளைகளின் பக்கம் நின்று யோசியுங்கள். பள்ளியில் திட்டு வாங்கிவிட்டு மாலையில் இங்கேயும் திட்டு வாங்க ஒரு பிள்ளை ஏன் வர வேண்டும்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியிலேயே உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. நம் மாலை வகுப்பில் மட்டும் அதை அனுமதிக்கலாமா? குரூப்பில் பொதுவாக எழுதாதீர்கள். பிறர் முன்னிலையிலும் பேசாதீர்கள். வகுப்பு முடிந்ததும் தேநீர் கொடுத்து உட்கார வைத்து, “ஐயா, நேற்று அந்த நாலாம் வகுப்புப் பெண்ணை மக்கு என்று சொன்னீர்கள், அவள் இன்று வரவில்லை” என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பல ஆசிரியர்களுக்கு அது பழக்கத்தில் வாயில் வரும் சொல். எடுத்துச் சொன்னால் வருந்தித் திருத்திக்கொள்வார்கள். மாறவில்லை என்றால் பாடக் குறிப்பு தயாரிப்பது, புதிய தன்னார்வலர்களுக்குக் கணக்கு சொல்லித்தரும் முறையைக் காட்டுவது என்று அவர் அனுபவம் பயன்படும் வேறு வேலை கொடுங்கள். கை நீட்டினால் மட்டும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. நன்றி சொல்லி அன்றே அனுப்பிவிடுங்கள். சம்பளம் வாங்காதவரை எப்படி அனுப்புவது என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளோடு பழகும் இடம் இது. புதியவர் யாராக இருந்தாலும் அடையாள அட்டை நகல், தெரிந்தவர் இருவரின் பரிந்துரை, முடிந்தால் காவல்துறை சரிபார்ப்புச் சான்றிதழ் வாங்குங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்று விதி வையுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் அது. பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐச் சுவரில் எழுதிவையுங்கள். ஒரு பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம் என்பதை எல்லாத் தன்னார்வலர்களும் அறிந்திருக்க வேண்டும். நல்லவர்கள் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நன்கொடையாக ஐந்நூறு ரூபாய் வந்தால் ரசீது போட்டுக் கொடுக்கிறோம். வாரம் மூன்று மணி நேரம் கொடுப்பவருக்கும் ஒரு ரசீது வேண்டாமா? ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவதைச் சொல்லவில்லை. அவரிடம் படித்த பையனின் ஜூன் மாத நோட்டையும் செப்டம்பர் மாத நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஜூனில் துணைக்கால் விட்டு எழுதியவன் இப்போது ஒரு பத்தி பிழையில்லாமல் எழுதியிருப்பான். அதைப் பார்க்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால், “வகுப்புக்கு ஆள் இல்லை” என்று அனுப்பாமல், “உடம்பு சரியில்லையா? பிள்ளைகள் கேட்டார்கள்” என்று ஒரு போன் செய்யுங்கள். இவற்றையெல்லாம் செய்ய ஒருவர் வேண்டும். நீங்களே வகுப்பும் எடுத்து, பணமும் திரட்டி, இதையும் பார்க்க முடியாது. அந்த ஆறு பேரில் மனிதர்களோடு நன்றாகப் பேசுகிறவர் யார் என்று பார்த்து, அவரை வகுப்பிலிருந்து விடுவித்து இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். ஒரு வகுப்பு குறையும். மூன்று மாதத்தில் அதை ஈடுகட்டிவிடலாம்.

குரூப்பைக் கலைக்க வேண்டாம். அது செய்தி சொல்லும் இடமாக இருக்கட்டும். ஊரை விட்டுப் போனவர்களும் பிள்ளைகளின் தேர்வு முடிவைப் பார்த்து மகிழட்டும். வேலைக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் சிறிய குரூப் ஒன்று தனியாகத் தொடங்குங்கள். இன்று மாலை முதல் மூன்று பேரைக் கூப்பிடுங்கள். யாராவது செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றால், ஐந்து இருபதுக்கெல்லாம் நீங்கள் வாசலில் இருங்கள்.