தலைக்காவிரிக்கு இருவர்: வாசகர் கேள்வி-பதில்

மன்னார்குடியிலிருந்து ஒரே உறைக்குள் இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றைக் கணவரும் மற்றொன்றை மனைவியும் எழுதியிருக்கிறார்கள். கணவர் பணி ஓய்வு பெற்றவர், வயது 61, மனைவிக்கு 57. கொஞ்சம் சம்பா நிலமும் ஏழு ஆண்டுகளாக ஓடும் சிறிய பெட்ரோல் காரும் இருக்கின்றன. வாழ்நாள் முழுவதும் காவிரியின் கடைமடையில் இருந்துவிட்ட தாங்கள், அது பிறக்கும் இடமான, கர்நாடகத்தின் குடகு மலையிலுள்ள தலைக்காவிரியை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும், ஓட்டுநர் வைத்துக்கொள்ளாமல் சொந்த வண்டியில் இருவர் மட்டுமே போய்வர வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆகவே இந்த இதழின் பகுதியை அவர்களுக்கே ஒதுக்கி, கேட்டவர் யார் என்பதையும் குறித்துப் பதில் தருகிறேன்.

கணவர்: மன்னார்குடியிலிருந்து தலைக்காவிரி ஏறத்தாழ 600 கிலோமீட்டர்தான். அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டால் இரவுக்குள் மடிக்கேரி சேர்ந்துவிடலாம். என் மனைவியோ வழியில் மூன்று இரவு தங்க வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அம்மா சொல்வதே சரி. நீங்கள் தூரத்தைக் கணக்கிட்டிருக்கிறீர்கள். எந்த நேரத்தில் எந்தச் சாலையில் இருப்பீர்கள் என்பதைக் கணக்கிடவில்லை. தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர், மைசூரு, மடிக்கேரி என்பதுதான் உங்கள் வழி. 3 மணிக்குக் கிளம்பினால் முதல் 40 கிலோமீட்டரை, அதாவது வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் வரையிலான பகுதியை, கும்மிருட்டில் கடக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் அந்தச் சாலைகளின் நிலை உங்களுக்கே தெரியும். பாதிச் சாலையில் நெல் காயும். காய வைத்தவர் அதன் ஓரத்தில் கருங்கல்லை அணைவாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிச் செல்லும் டிராக்டரின் பின்பெட்டியில் சிவப்பு விளக்கு இருக்காது. வயலுக்கு வயல் மாறும் அறுவடை இயந்திரம் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு வரும். மனித உடல் மிக அதிகமாகத் தூக்கத்தைக் கேட்பதும் அதே பின்னிரவு நேரத்தில்தான்.

அதைத் தாண்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். திம்பம் மலைப்பாதையைப் பகலில் ஏறிவிடுவீர்கள். மாலையில் மைசூரு வரும். அங்கிருந்து மடிக்கேரிக்கு இன்னும் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் உண்டு. குசால்நகருக்கு அப்பால் மலை ஏறும் சாலை. அந்த வளைவுகளை, ஓட்டத் தொடங்கிப் பதினைந்து மணி நேரம் கழிந்த பிறகு, எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்ய, 61 வயதில் கடக்கப் போகிறீர்கள். முடியாது என்று நான் சொல்லவில்லை. இதைப் பயணம் என்று அழைப்பதில் அர்த்தமில்லை என்கிறேன்.

முதல் நாள் பவானி அல்லது ஈரோடு, இரண்டாம் நாள் மைசூரு, மூன்றாம் நாள் மடிக்கேரி என்று தங்கி, நான்காம் நாள் காலையில் பாகமண்டலம் வழியாகத் தலைக்காவிரி ஏறுங்கள். இப்படிப் பிரித்தால் வழியும் உங்களுடையதாகும். திருச்சிக்கு மேற்கே கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு, குளித்தலை, மாயனூர் கதவணை, கொடுமுடி, பவானிக் கூடுதுறை என ஆற்றின் கரையோடு ஆற்றின் எதிர்த்திசையில் மேலே மேலே செல்லும் பாதை இது. அறுபது ஆண்டுகள் வாய்க்கால் தண்ணீராகப் பார்த்த ஒன்றை ஒரே நாளில் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு ஓடுவதற்கு நீங்கள் ஏன் போக வேண்டும்?

இதோடு ஒன்றை இருவரும் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: எவ்வளவு தூரம் மிச்சமிருந்தாலும் மாலை 5 மணிக்கு வண்டி நிற்கும். நெடுவழியில் கணவன் மனைவிக்குள் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை 'இன்னும் ஒரு மணி நேரம் போயிடலாமே' என்ற சொல்லில்தான் தொடங்குகின்றன. களைத்துப்போன இருவர் அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு சரியாக இருப்பதில்லை. ஆகவே களைப்பதற்கு முன்பே அதை எடுத்துவைத்துவிடுவது நல்லது.

மனைவி: ஐப்பசி முதல் நாளில் தலைக்காவிரியில் தீர்த்தம் பொங்கும் என்பதால் அன்றைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. அவர் அறுவடை முடிந்து மாசியில் போகலாம் என்கிறார்.

பதில்: இதில் ஐயா பக்கம் சாய்கிறேன். ஐப்பசி பிறக்கும் துலா சங்கிரமணம் அக்டோபர் நடுவில் வருகிறது. அன்று தீர்த்தம் பொங்கும் சிறு தொட்டியான குண்டிகையைச் சுற்றி நிற்கவும் இடமிருக்காது. பாகமண்டலத்திலேயே வண்டிகள் தேங்கிவிடும். நம் பக்கத்திலோ அது சம்பா பயிருக்குக் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டிய காலம். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் தொடங்கும். துலா நீராடலுக்கு மயிலாடுதுறைத் துலாக்கட்டம் உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. ஐப்பசி முழுதும் அங்கே புண்ணியம்தான், ஐப்பசிக் கடைசி நாளின் கடைமுழுக்கைத் தவறவிட்டவர்க்குக் கார்த்திகை முதல் நாளில் முடவன் முழுக்கும் உண்டு.

ஆனி முதல் ஆவணி வரை குடகை நினைக்கவே வேண்டாம். 2018 ஆகஸ்டில் குடகின் பல பகுதிகள் மலைச்சரிவால் சிதைந்தன. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரியிலேயே பிரம்மகிரி மலை சரிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. மாசியில் சாலை காய்ந்திருக்கும், காலைப் பனி இதமாக இருக்கும், இடையே ஒரு மழை பெய்திருந்தால் காப்பித் தோட்டங்கள் பூத்திருக்கும். பங்குனிக்குத் தள்ளிவிடாதீர்கள், பண்ணாரி மாரியம்மன் கோயில் குண்டம் திருவிழாக் கூட்டத்தில் அடிவாரத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கணவர்: தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டியில் கர்நாடகத்துக்குள் செல்வது பற்றி உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பயம் ஆதாரமற்றதன்று. 2016 செப்டம்பரில் பெங்களூருவில் தமிழ்நாட்டு வண்டிகள் கொளுத்தப்பட்டன. 2023 செப்டம்பர் இறுதியில் நடந்த முழு அடைப்பின்போதும் எல்லை தாண்டிய போக்குவரத்து முடங்கியது. இரண்டும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தது தற்செயலல்ல. தென்மேற்குப் பருவமழை பொய்த்தால், அணை நீர் குறைந்து, நம் சம்பாவுக்குத் தண்ணீர் கேட்கும் காலம் அது. மாசியில் அந்தச் சூடு பெரும்பாலும் தணிந்திருக்கும். எனவே அச்சத்தால் பயணத்தைக் கைவிட வேண்டாம்; கிளம்பும் முன்னும் ஒவ்வொரு நாள் காலையிலும் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடைப்பு அறிவித்திருந்தால் இருக்கும் ஊரிலேயே தங்கிவிடுங்கள். சாதாரண நாளில் சாமராஜநகரிலும் மைசூருவிலும் தமிழிலேயே வழி கேட்கலாம்.

மனைவி: எனக்கு உரிமம் கிடைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் 'பிரேக், பிரேக்' என்று கத்துகிறார். அதிலேயே கை நடுங்குகிறது. இந்தப் பயணத்தில் நானும் ஓட்டலாமா?

பதில்: ஓட்டத்தான் வேண்டும். வழியில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வண்டியை யார் நகர்த்துவது? ஆனால் பழகுவதற்குரிய இடம் திம்பம் அன்று. கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில், வெயில் ஏறும் முன்பாகத் தஞ்சாவூர்-திருச்சி நெடுஞ்சாலையில் நீங்களே ஓட்டிச் சென்று திரும்புங்கள். முந்துவது, கண்ணாடியில் பின்னால் பார்ப்பது, லாரிக்குப் பின்னால் இடைவெளி விடுவது ஆகிய மூன்றும் கைவந்தால் போதும். பயணத்தின்போது திருச்சியிலிருந்து கரூர் வரை உங்கள் பங்காக இருக்கட்டும்.

இனி ஐயாவுக்கு. பக்கத்து இருக்கையில் பிரேக் இல்லை. நீங்கள் காலை ஊன்றுவதால் வண்டி நிற்கப்போவதும் இல்லை. ஓட்டுபவர் கேட்டால் மட்டும் பதில் சொல்வது, உண்மையான ஆபத்தென்றால் 'நிறுத்து' என்ற ஒரே சொல்லைச் சொல்வது, மற்ற விமர்சனங்களை டீக்கடையில் வைத்துக்கொள்வது என்று ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டும்போது அம்மாவுக்கும் இதே விதி. பக்கத்தில் இருப்பவருக்கு வேலை நிறைய உண்டு. வரைபடம் பார்ப்பது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, ஓட்டுபவரின் பேச்சு குறைந்து கண் இமை கனக்கிறதா என்று கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. காட்டுக்குள் செல்பேசி இணைப்பு அறுந்துபோகும் என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பதும் அவர் பொறுப்புதான்.

திம்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கார்களுக்கு அனுமதி இல்லை. கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணியோடு கதவு அடைபடும். நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் உள்ள ஏற்பாடு இது. ஆகவே காலை 6 மணிக்கு, இரவெல்லாம் காத்திருந்த லாரிகள் வரிசையாக ஏறத் தொடங்கும். அவற்றை முன்னே விட்டு, எட்டரை, ஒன்பது மணிக்கு நீங்கள் ஏறுங்கள். நீண்ட லாரி வளைவில் திரும்ப முழுச் சாலையும் தேவை. அது திரும்பி முடிக்கும்வரை வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். திரும்பி வரும்போது, எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, பிடிப்பை இழக்கும். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆசனூர்ப் பக்கம் யானைகள் கரும்பு லாரிகளை எதிர்பார்த்துச் சாலையோரம் நிற்பதைக் காண்பீர்கள். படம் எடுப்பதற்காக அங்கே கதவைத் திறக்கவே கூடாது.

கணவர்: வண்டியை சர்வீஸ் செய்துவிட்டேன். வேறு ஏதேனும் உண்டா?

பதில்: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அழுத்தப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வண்டியோடு வந்த டயர்கள் இன்னும் மாற்றப்படவில்லை என்றால், பள்ளங்கள் ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் முதிர்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள். காற்றை வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் பாருங்கள், ஸ்டெப்னியிலும் பாருங்கள். பிறகு வீட்டு வாசலில் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். கடையில் காற்றுத்துப்பாக்கியால் முறுக்கிய நட்டுகள், வண்டியோடு கொடுத்த சின்னத் திருகியால் அசையவே மாட்டா. காட்டுச் சாலையில் இதைக் கண்டுபிடிக்க வேண்டாம். நீண்ட கைப்பிடியுள்ள திருகி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், அம்மாவும் ஒருமுறை கழற்றிப் பார்க்கட்டும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, இருவரின் உரிமம் ஆகியவை டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும்; என்றாலும் ஒரு படியைக் கையில் வைத்திருப்பது நல்லது. சொந்த உபயோக வண்டிக்குக் கர்நாடகத்தில் தனி அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் அழைக்க வேண்டிய எண் 1033.

மனைவி: எனக்குச் சர்க்கரை உண்டு, மலை ஏறினால் வாந்தியும் வரும். வழியில் கழிப்பறை பற்றிய கவலையும் இருக்கிறது.

பதில்: வாந்தியைத் தடுக்கும் மாத்திரைகள் பல, தூக்கத்தையும் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்ட நாளில் நீங்கள் ஓட்டக் கூடாது. ஆகவேதான் சமவெளியான கரூர்ச் சாலையை உங்களுக்கு ஒதுக்கினேன். எந்த மாத்திரை என்பதை உங்கள் சர்க்கரை மருத்துவரிடமே கேளுங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால் அதை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். மருந்துப் பையை டிக்கியில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தை வழியிலுள்ள ஓட்டல் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு வேளைக்குத் தாங்கும் புளியோதரையும், திடீரெனச் சர்க்கரை இறங்கினால் வாயில் போட இனிப்பும் எப்போதும் கைக்கெட்ட இருக்கட்டும்.

கழிப்பறைக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் பழைய வழக்கம். சர்க்கரை உள்ளவர்க்கு அது நேரடியான தீங்கு. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை இருக்க வேண்டும், எரிபொருள் போடாவிட்டாலும் பயன்படுத்தலாம். ஆயினும் தூய்மை இடத்துக்கு இடம் மாறும் என்பதால், பெரிய ஊரைத் தாண்டும் முன் நின்றுவிடுங்கள். தேவையில்லை என்று தோன்றினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவதை ஐயா தாமதமாகக் கருத வேண்டாம். அவருடைய முதுகுக்கும் அது தேவை.

கணவர்: செலவு எவ்வளவு ஆகும்? சுங்கச்சாவடிக்கு ஆண்டுப் பாஸ் வாங்கலாமா?

பதில்: போய்வர, சுற்றல்களையும் சேர்த்து 1,300 கிலோமீட்டர் என்று கொள்வோம். உங்கள் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் 80 லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 8,000 ரூபாயைத் தாண்டும். மலையில் மைலேஜ் குறையும் என்பதால் 10,000 ஒதுக்குங்கள். ஃபாஸ்டாக் ஆண்டுப் பாஸ் 2025 ஆகஸ்டில் வந்தபோது 3,000 ரூபாயாக இருந்தது. ஓராண்டு அல்லது 200 முறை, எது முதலில் வருகிறதோ அதுவரை, தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் செல்லும். இந்த ஒரு பயணத்துக்காக அதை வாங்குவது வீண். அடிக்கடி சென்னைக்குக் காரில் போய்வருபவர்களானால் வாங்கலாம்.

தங்குமிடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வண்டியை உள்ளே நிறுத்த இடமும், மாடி ஏறாமல் அறையும் கிடைக்கிறதா என்று கேட்டு, மூன்று ஊர்களிலும் முன்பதிவு செய்துவிடுங்கள். வார இறுதியில் மடிக்கேரி நிரம்பி வழியும். நீங்கள் திங்கட்கிழமை கிளம்பினால் புதன் இரவு அங்கே இருப்பீர்கள், வாடகையும் குறைவாக இருக்கும்.