பாதியில நிக்கிற வேலைய எப்பிடி கைமாத்துறது?

கேள்வி: அண்ணே, தேயிலை ஃபெக்டரி பெக்கிங் ரூம்ல வேல செய்யிறேன். ராத்திரி ஷிஃப்ட் ஆளுக பாதி கட்டின சாக்க அப்பிடியே விட்டுட்டு போயிருறாங்க, காலையில வந்தா எந்த சாக்கு எந்த இன்வொய்ஸ்ல, அதான் எந்த தொகுதியில, சேருதுன்னே தெரியல, ஏச்சு மட்டும் எங்களுக்கு. என்ன செய்யலாம்?
- வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, உங்க மேல பிழை இல்ல, ஆனா விடிய விடிய நின்ன மனுசங்களையும் முழுசா குத்தஞ் சொல்ல ஏலாது. ஒஃபீஸ் ரெஜிஸ்டர்ல எழுதுறது மட்டும் காணாது, அத யாரு போய் பாக்குறா? ஒரு அட்டைய அந்த சாக்கடியிலயே கட்டி தொங்க விடச் சொல்லுங்க, "தூளு ரகம் பிஓபிஎஃப், இன்வொய்ஸ் நம்பர் இது, 12 சாக்கு முடிஞ்சு, 13 பாதி, தராசு பிழையா காட்டுது அதான் நிப்பாட்டினோம்"னு. ஏன் நிப்பாட்டினோங்கிறதுதான் முக்கியம், அத விட்டா அடுத்த ஆளும் அதே தராசுல நிறை பாத்துருவாரு.

போறவரும் வாறவரும் சாக்குக்கு முன்னால நின்னு ஒன்னா எண்ணி ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கணும். தூளு காஞ்சு வாறப்போ ஈரம் சுமார் 3 சதவீதந்தான், நம்ம மலைப்பனியில வாய் தொறந்து கெடந்தா சும்மா இழுத்துக்கும், அதனால மொதல்ல சாக்கு வாய மூடிட்டுத்தான் பேச்சு.

இதுக்கு ஒரு 10 நிமிசம் ரெண்டு ஷிஃப்டும் சேந்து நிக்கணும். அந்த நேரத்துக்கும் சம்பளம் போடச் சொல்லி சங்கத் தலைவர கூட்டிட்டு போய் தோட்டத்து தொரகிட்ட கேளுங்க, தயங்காதீங்க.