வகுப்பறையில் டேப், செல்போன், ஏஐ: சேலம் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவை

வணக்கம். சேலத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். அதற்கு முன் ஏற்காடு மலைப் பள்ளிகளில் வேலை பார்த்தேன், ஆசிரியர் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகவும் போய் வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்ட டெக்னாலஜி, பிள்ளைகள் சேர்ந்து படிப்பது, இது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: டீச்சர், பையன் ஏழாவது படிக்கிறான். ஒரு டியூஷன் ஆப்காரங்க வீட்டுக்கே வந்து நாற்பதாயிரம் ரூபாய், மாசத் தவணையில கட்டலாம்னு சொல்றாங்க. சேர்க்கலாமா?

வேண்டாம்மா. தவணை என்றால் அது கடன், பையன் ஒரு மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிட்டாலும் உங்கள் அக்கவுண்டிலிருந்து பணம் போய்க்கொண்டுதான் இருக்கும். தானாகப் பணம் எடுக்க அனுமதி கேட்டுக் கையெழுத்து வாங்குவார்கள், அதில் கவனமாக இருங்கள் என்று 2021 டிசம்பரிலேயே மத்திய கல்வி அமைச்சகம் பெற்றோரை எச்சரித்திருக்கிறது. முதலில் இலவசமாக இருப்பதைப் பாருங்கள். மணற்கேணி என்று நம் பள்ளிக் கல்வித் துறையின் ஆப் இருக்கிறது, 2023-ல் வந்தது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நம் பாடப்புத்தகத்துக்கே வீடியோ போட்டிருக்கிறார்கள். கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. தெருவில் அதே வகுப்புப் படிக்கிற இன்னும் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு வீடியோ முடிந்ததும் நிறுத்திவிட்டு ஒருவன் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். தனியாகப் பார்க்கிறவன் பார்த்ததோடு விட்டுவிடுவான். சொல்ல வேண்டும் என்றால்தான் தனக்கு எது புரியவில்லை என்று அவனுக்கே தெரியவரும்.

வெள்ளக்கடை பக்கம் மலைப் பள்ளி ஆசிரியர்: மேடம், எங்க ஸ்கூல்ல ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு. கையில இருக்கிறது ஒண்ணு ரெண்டு டேப்தான், சிக்னலும் நிக்காது. இந்த ஆன்லைன் எல்லாம் எங்களுக்கு எப்படி?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சிக்னலை நம்பிப் பாடம் நடத்தத் திட்டம் போடாதீர்கள் சார். மழைக்காலத்தில் மலையில் கரண்டும் போகும், டவரும் போகும். சேலத்துக்கு இறங்கும்போது வேண்டியதை டவுன்லோட் செய்துகொண்டு ஏறுங்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய பெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கிற சோதனைகள் இருக்கின்றன, காசு கிடையாது, தமிழிலும் கிடைக்கும், ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக எடுத்து வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். கிவிக்ஸ் என்ற ஆப்பில் தமிழ் விக்கிப்பீடியாவையே போனில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

டேப் குறைவாக இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். மூன்று பேருக்கு ஒன்று கொடுங்கள். ஒருவர் தொடுவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் எல்லோருக்கும் சொல்வார், அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். மின்சுற்றுப் பாடம் என்றால் திரையைத் தொடுவதற்கு முன்னால் சிலேட்டில் எழுதச் சொல்லுங்கள், இந்த பல்பு எரியுமா எரியாதா என்று. பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் போனாலே எரியும் என்று ஒரு பிள்ளை அடித்துச் சொல்லும், திரும்பி வர இன்னொரு ஒயர் வேண்டும் என்று இன்னொன்று மல்லுக்கு நிற்கும். நீங்கள் குறுக்கே போகாதீர்கள். அந்தச் சண்டை முடிந்த பிறகு ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கட்டும், பாடம் அந்தச் சண்டையில்தான் நடக்கிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்துப் பிரிக்கிறோம் இல்லையா, அந்தப் பழக்கம் இருக்கிற பள்ளிக்கு இது ஒன்றும் புதிதில்லை.

இன்னொன்று, உங்கள் மலையில் இருக்கிற பறவைகள் டவுன் பள்ளியில் கிடையாது. மெர்லின் என்ற ஆப், பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், முன்கூட்டியே இறக்கி வைத்தால் நெட் வேண்டாம். சேர்வராயன் மலைப் பாறைகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது, உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும் இருக்கிற பறவை அது. பிப்ரவரியில் உலகம் முழுக்க ஒரே நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், உங்கள் பிள்ளைகள் பார்த்ததைப் பதிந்தால் அது ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிற தரவோடு சேரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அறிவியல் வகுப்பு இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

சிவதாபுரம், கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அப்பா: வீட்ல ஒரே போன், ஆர்டர் எல்லாம் அதுலதான் வரும். பொண்ணு எட்டாவது. அவளுக்குத் தனியா போன் வாங்கணுமா?

வாங்க வேண்டாம் அண்ணா. பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால் அவள் அங்கே செய்யலாம், இல்லையென்றால் இரவு அரை மணி நேரம் உங்கள் போனே போதும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பாடப்புத்தகத்தில் 2018-லிருந்து கியூஆர் கோடு இருக்கிறது, தீக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கானது வரும். ஒன்று கேட்கிறேன், உங்கள் பட்டறையில் வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைக்கிற வேலையை அவளை வீடியோ எடுக்கச் சொல்லிப் பள்ளிக்கு அனுப்புவீர்களா? உலோகம் ஏன் கம்பியாக நீள்கிறது என்ற பாடத்துக்கு எங்களிடம் அதைவிட நல்ல படம் இல்லை.

ஆத்தூர், பதினொன்றாம் வகுப்பு மாணவி: மிஸ், ஜேஇஇ எழுதாம ஐஐடில படிக்க முடியும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பு, டேட்டா சயின்ஸ். ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்துவிட்டுத் தகுதித் தேர்வு எழுதித் தேறவேண்டும், குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகையும் உண்டு. வீடியோவை வீட்டில் பார்க்கலாம், பரீட்சையை நேரில் போய்த்தான் எழுத வேண்டும். ஆனால் ஒன்று கண்ணு, தனியாகப் படித்தால் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கூடப் படிக்க இரண்டு பேரைச் சேர்த்துக்கொள், வாரம் ஒரு நாள் உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் கணக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அழகாபுரத்திலிருந்து ஒருவர்: குரூப் ஒர்க்னு கொடுக்கிறீங்க, நல்லா படிக்கிற பிள்ளை மட்டும் செய்யுது, மத்தவங்க பேர் போட்டுக்கறாங்க. எம் பொண்ணு அழுவறா.

அவள் அழுவது நியாயம். வேலையைப் பிரிக்காமல் ஆறு பேருக்கு ஒரு சார்ட்டைக் கொடுத்துவிட்டால் அப்படித்தான் ஆகும். 1971-ல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பின, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது தினமும் சண்டை, அங்கே எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி செய்தார். ஒரு பாடத்தை நான்கைந்து துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுப்பது. மேட்டூர் அணை பாடம் என்றால் ஒருத்திக்கு அணை கட்டிய கதை, ஒருவனுக்கு 120 அடிக் கணக்கு, ஒருவனுக்குப் பாசனம், ஒருத்திக்கு மின்சாரம். ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் வந்து முதலில் தங்களுக்குள் பேசித் தெளிவாகிக்கொள்வார்கள், பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பரீட்சை தனித்தனி. மெல்லக் கற்கும் பிள்ளையிடம் இருக்கிற துண்டு வேறு யாரிடமும் இல்லை, அதனால் உங்கள் பெண் அவன் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும். வகுப்பு டீச்சரிடம் இதைக் காட்டுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பி.எட். மாணவர்: ஏஐ வந்தா டீச்சர் வேலை போயிடுமா?

போகாது. பெரு நாட்டில் 8 லட்சத்துக்கு மேல் லேப்டாப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், 2012-ல் வந்த ஆய்வில் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. கருவியை மட்டும் கொடுத்து ஆசிரியரைத் தயார் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே போதும்.

குகை, ஒரு அப்பா: பையன் அசைன்மென்ட் எல்லாத்தையும் ஏஐகிட்ட எழுதி வாங்கிடறான். போனைப் பிடுங்கிடலாமா?

பிடுங்கினால் நண்பன் போனில் எழுதுவான். ஏஐ தப்பையும் சரியையும் ஒரே குரலில் சொல்லும், அதைப் பையன் கண்ணால் பார்க்க வேண்டும். மலைப் பள்ளி ஒன்றில் ஏற்காடு காபி பற்றி ஏஐ எழுதிய ஒரு பத்தியைப் பிரிண்ட் எடுத்துக் குழுக்களாகக் கொடுத்தோம், தப்பு இருந்தால் கண்டுபிடியுங்கள், வீட்டில் கேட்கலாம் என்று. பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப்பேர் எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர்கள். நவம்பரில் காபி பூக்கும் என்று எழுதியிருந்தது. மறுநாள் வந்து ஒரே சத்தம்: மார்ச், ஏப்ரலில் மழை விழுந்தால்தான் பூ, நவம்பர் பறிப்பு சீசன், அதுகூடத் தெரியாதா என்று. உங்கள் பையனுக்கும் அதையே செய்யுங்கள். அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஏஐயிடம் கேட்கச் சொல்லி, வந்த பதிலைச் சிவப்புப் பேனாவால் திருத்தச் சொல்லுங்கள்.

ஓமலூர், கணித ஆசிரியர்: டீச்சர்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல நாள் முழுக்க பிடிஎஃப் வந்துட்டே இருக்கு, ஒண்ணும் உபயோகமில்ல.

கொஸ்டின் பேப்பரை மட்டும் பகிர்ந்தால் அப்படித்தான் சார். பிள்ளைகள் செய்கிற தப்புகளைப் பகிருங்கள். பக்கத்துப் பள்ளிகள் நாலைந்து சேர்ந்து ஒரு கூகுள் ஷீட் போடுங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய பிள்ளையிடம் ஏன் என்று கேட்டு, அது சொன்ன காரணத்தை அப்படியே ஒரு வரி எழுதுங்கள், நீங்கள் என்ன செய்து சரிசெய்தீர்கள் என்று அடுத்த வரி. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் அந்த ஷீட்டைத் திறந்து பேசினால் அந்த நாள் வீணாகாது.

ஒரு தலைமை ஆசிரியர்: முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு லட்சம் தர்றாங்க. ஸ்மார்ட் போர்டு வாங்கட்டுமா?

வேண்டாம் சார். ஒரு நல்ல புரொஜெக்டர், ஸ்பீக்கர், பழைய லேப்டாப் இருந்தால் அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, ஒரு இன்வெர்ட்டர். மீதி இருந்தால் பிள்ளைகள் வட்டமாக உட்கார மேஜை. எதை வாங்கினாலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதுங்கள், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.