லண்டன் எல்.எல்.பி.க்காக ஸ்காபரோ வீட்டில் கை வைக்காதீர்கள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து எழுதிய சகோதரிக்கு,

மகள் கிரேட் 12இல் படிக்கிறாள். லண்டனில் இருக்கும் உங்கள் அண்ணா, "இங்கே அனுப்பு, மூன்று வருடத்தில் லோயர் ஆகிவிடுவாள், சாப்பாடும் இடமும் என் பொறுப்பு" என்கிறார். உங்கள் கணவர் வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுப்பதைப் பற்றி வங்கியில் கதைத்துவிட்டார். மகள் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. எல்லாம் நல்லபடி நடக்கும், கவலைப்படாதீர்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கடனில் கையெழுத்து விழுந்த பிறகு நான் எதை எழுதியும் பயனில்லை. அதனால் நேராகவே சொல்கிறேன்: இந்தத் திட்டம் வேண்டாம்.

மூன்று வருடத்தில் கிடைப்பது எல்.எல்.பி. என்ற இங்கிலாந்துச் சட்டப் பட்டம். அதைக் கொண்டுவந்து நீங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படியே லோயராக வேலை செய்ய முடியாது. வெளிநாட்டுச் சட்டப் பட்டங்களை மதிப்பிடும் என்.சி.ஏ. குழு முதலில் கோப்பைப் பார்க்கும். பிறகு கனடிய அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல் சட்டம், கனடியச் சட்டத்தின் அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் என்று பரீட்சைகள் வரும். இங்கிலாந்தில் சில பாடங்களைப் படிக்காமல் விட்டிருந்தால் அவையும் சேரும். அதற்குப் பிறகுதான் லோயர்களுக்கு உரிமம் கொடுக்கும் ஒன்ராறியோ லோ சொசைட்டியின் இரண்டு பரீட்சைகளும், ஒரு லோயரின் கீழ் வேலை பழகும் ஆர்ட்டிக்ளிங் பயிற்சியும். அந்தப் பயிற்சி இடத்துக்கு, இங்கேயே படித்து, கோடை விடுமுறைகளில் இங்கேயே வேலை செய்த பிள்ளைகளோடு அவள் போட்டி போட வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் வருடத்துக்கு 20,000 பவுண்டைத் தாண்டும் பல்கலைக்கழகங்கள் அங்கே ஏராளம். அண்ணா வீட்டுச் சோறு அந்தத் தொகையைக் குறைக்காது.

சரி, இங்கேயே ஒரு பட்டம் முடித்து, எல்.சாட் என்ற நுழைவுப் பரீட்சை எழுதி, ஜே.டி. என்ற கனடியச் சட்டப் பட்டம் படிப்பது? ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்புக்கு வருடக் கட்டணமே 30,000 டொலருக்கு மேல். அந்த வழியை உங்கள் உறவினர்களில் யாராவது ஏற்கெனவே மனப்பாடமாக ஒப்புவித்திருப்பார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. கடையின் லீஸ் புதுப்பிக்க வந்தபோது, "அப்பா, நீங்கள் கொம்பனிக்காக மட்டும் கையெழுத்துப் போடவில்லை, உங்கள் சொந்தப் பெயரிலும் போடுகிறீர்கள்" என்று மகள்தான் காட்டினாள் என எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதிய கையோடு, அவள் வாயில்லாத பிள்ளை, நாலு பேர் முன்னால் பேசமாட்டாள் என்று குறைப்பட்டும் இருக்கிறீர்கள்.

கனடிய வணிகச் சட்டத்தின் முதல் பாடத்தைத்தான் அவள் அன்று பிடித்திருக்கிறாள். பதிவு செய்த கொம்பனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதன் கடன் அதற்கு, உங்கள் கடன் உங்களுக்கு. இது கடை வாடகைக்கு விடுபவருக்கும் தெரியும், அதனால்தான் அவர் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்கிறார். அதில் கையெழுத்துப் போட்டால், அந்த லீஸைப் பொறுத்தவரை கொம்பனி தந்த பாதுகாப்பு போய்விடும். பதினேழு வயதில் ஒரு நீண்ட லீஸைப் படித்து அந்த இடத்தில் விரல் வைக்கிற பிள்ளைக்குத் திறமை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. சட்டம் என்றால் நீதிமன்றத்தில் எழுந்து முழங்குவது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். வணிகச் சட்டத்தில் பெரும்பகுதி கடதாசி வேலை. அதைக் கவனமாகப் படிப்பவர்கள்தான் அங்கே தேவை.

அந்தக் கடதாசி வேலையை ஒன்ராறியோவில் அன்றாடம் செய்பவர்கள் லோ கிளார்க்குகள். இந்தப் படிப்பைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. கிளார்க் என்ற பெயரைக் கேட்டதும் மாமிமார் முகம் சுளிப்பது ஒரு காரணமாக இருக்கலாம். பாராலீகல் வேறு, இது வேறு. பாராலீகலுக்கு லோ சொசைட்டி உரிமம் உண்டு, சிறு கோரிக்கை நீதிமன்றம், வாடகைத் தகராறு என்று அவர்கள் நேரே வாதாடுவார்கள். லோ கிளார்க் ஒரு லோயரின் பொறுப்பின் கீழ் வேலை செய்பவர். வழக்கு, வீடு வாங்கல் விற்றல், உயில், கொம்பனி என்று பிரிவுகள் உண்டு. உங்கள் மகளுக்கு நான் சொல்வது கொம்பனிப் பிரிவு.

என்ன வேலை என்று உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன். கடைப் பலகையில் ஒரு பெயர், லீஸில் எண்ணில் தொடங்கும் ஒரு ஒன்ராறியோ கொம்பனி என்று எழுதியிருந்தீர்கள். எண் கொம்பனிக்குப் பெயர்த் தேடல் தேவையில்லை. பெயர் வைத்துப் பதிந்தால், அதே போன்ற பெயர் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று காட்டும் நூவான்ஸ் அறிக்கை எடுக்க வேண்டும், அது 90 நாளில் காலாவதியாகும். ஒன்ராறியோவில் பதிய 300 டொலர், மத்திய அரசிடம் இணையத்தில் பதிய 200 டொலர். மலிவு என்று மத்தியில் பதிந்துவிட்டு இங்கே கடை திறந்தால், 60 நாளுக்குள் ஒன்ராறியோவுக்கும் தகவல் படிவம் கொடுக்க வேண்டும். பலகையில் இருக்கும் வியாபாரப் பெயரின் பதிவு ஐந்து வருடத்துக்குத்தான். உங்களுடையது எப்போது முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம் மினிட் புக். கொம்பனியின் பதிவுப் பத்திரம், உள்விதிகள், பங்குப் பதிவேடு, இயக்குநர்களின் தீர்மானங்கள் எல்லாம் இருக்கும் கட்டு இது. 2023 ஜனவரி 1 முதல், 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர் போல, உண்மையில் கொம்பனியைக் கட்டுப்படுத்துபவர் யார் என்ற பதிவேடும் ஒன்ராறியோவின் தனியார் கொம்பனிகளுக்குக் கட்டாயம். கடை ஓடிக்கொண்டிருக்கும்போது இதை யாரும் திறப்பதில்லை. கடையை விற்கப் போகும்போது, வாங்குபவரின் லோயர் முதலில் கேட்பது இதைத்தான். அந்த வாரத்தில் பல வருடத் தீர்மானங்களைத் தேடித் தொகுத்து, எது இல்லை என்று கண்டுபிடித்து, பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்க ஓடுகிறவர் லோ கிளார்க்.

உங்களையும் அந்தக் கொம்பனியில் இயக்குநராகப் போட்டிருக்கிறது, "பெயருக்குத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெயருக்கு என்று ஒரு இயக்குநர் பதவி சட்டத்தில் இல்லை. வேலையாட்களுக்குக் கொடுக்காத சம்பளத்தில் ஆறு மாதத்துக்கு உரியது வரை ஒன்ராறியோ இயக்குநர்கள் சொந்தப் பொறுப்பாகலாம். சம்பளத்தில் பிடித்துக் கட்டாமல் விட்ட வரி, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டாமல் விட்ட எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி ஆகியவற்றுக்கும் வருமான வரி நிறுவனம் இயக்குநரைத் தேடி வரலாம். பதவி விலகி இரண்டு வருடம் கடந்தால் அந்த வரிப் பொறுப்பு விடும். ஆனால் விலகிய திகதி காட்ட எழுத்து வேண்டும். ஒரே ஒரு பக்கக் கடிதம் மினிட் புக்கில் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் வீடு தொங்கும். உங்கள் மகள் இந்த வேலையில் சோம்பி இருக்க மாட்டாள்.

படிப்புக்கு வருகிறேன். செனெகா போன்ற கல்லூரிகளில் லோ கிளார்க் டிப்ளோமா இரண்டு வருடம். இங்குள்ள மாணவருக்குக் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம் டொலர், வீட்டிலிருந்தே போய் வரலாம். ஒன்ராறியோ லோ கிளார்க்குகளுக்கு ஐ.எல்.சி.ஓ. என்ற சங்கம் இருக்கிறது. கல்லூரிப் பாடத்திட்டத்தை அது ஏற்றுக்கொள்கிறதா, படிப்போடு அலுவலகப் பயிற்சி உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். பயிற்சி இல்லாத கல்லூரியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. தொடக்கச் சம்பளம் உறவினர்களிடம் சொல்லிப் பெருமைப்படுகிற தொகை இல்லை. ஒரு கொம்பனி கைமாறும் வாரத்தில் இரவு பத்து மணிக்கும் அலுவலகத்தில் இருக்க நேரும். கிளார்க் சட்ட ஆலோசனை சொல்ல முடியாது, கடைசிக் கையெழுத்து எப்போதும் லோயருடையது. இந்த டிப்ளோமாவை மட்டும் வைத்து நேரே ஜே.டி.க்கும் போக முடியாது, அதற்குப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும். ஆனால் இருபது வயதில் கடனில்லாமல் ஒரு சட்ட அலுவலகத்தின் உள்ளே இருந்துகொண்டு, தனக்கு லோயராக விருப்பமா என்று அவளே தீர்மானிக்கலாம். விருப்பம் என்றால் அப்போது பட்டம் படிக்கட்டும். அவளிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கேளுங்கள், அப்பாவும் மாமாவும் இல்லாத நேரத்தில். இதெல்லாம் வேண்டாம், கணக்கியல் படிக்கிறேன் என்று அவள் சொன்னால், நான் மேலே எழுதியதை ஓரமாக வைத்துவிடுங்கள்.

வங்கிக்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம். ஒன்ராறியோ கல்லூரிகளுக்கு பெப்ரவரி 1க்குள் விண்ணப்பித்தால்தான் எல்லோருக்கும் சமமாகப் பரிசீலிப்பார்கள், அந்தத் திகதியைத் தவற விடாதீர்கள். அண்ணா முன்பணம் கட்டச் சொல்லி மறுபடி எடுத்தால், மகள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்லுங்கள். அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை, அந்தக் கடனை மாதாமாதம் கட்டப்போவது அவர் இல்லை.