சிரித்ததைச் சொல்ல ஒருத்தி

அன்புள்ள அக்கா,

எனக்கு 24 வயது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து, குரோம்பேட்டையில் ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறேன். தினமும் மின்சார ரயிலில் எழும்பூர் போகிறேன். போன வாரம் மகளிர் பெட்டியில் ஓர் அம்மா புதுத் தென்னந்துடைப்பத்துடன் ஏறினார். ரயில் குலுங்கும்போதெல்லாம் அதன் நுனி, எதிரே தூங்கிக்கொண்டிருந்த பெண்ணின் நெற்றியில் உரசியது. அவள் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் ஐந்து நிமிஷம் அம்மா" என்றாள். துடைப்பக்கார அம்மாவும், "சரி, தூங்கு" என்றார். சுற்றியிருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

மாலையில் அத்தையிடம் போனில் சொன்னேன். "வயதுப் பெண் பொது இடத்தில் இப்படியா சிரிப்பது?" என்று கேட்டார். (கல்யாண வீடுகளில் நலுங்குப் பாட்டுக்கு முதல் ஆளாக உட்காருகிறவர் அவர்தான்.) அலுவலகத் தோழியோ, "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்றாள். தம்பியின் கல்லூரிக் கட்டணம், மாதக் கடைசியில் காலியாகிவிடும் சம்பளம், செய்தித்தாளைத் திறந்தால் பயம். இவ்வளவுக்கும் நடுவில் சின்ன விஷயங்களுக்குச் சந்தோஷப்படுவது பொறுப்பில்லாத்தனமா?

ச., சென்னை

---

அன்புள்ள ச.,

இல்லவே இல்லை. தம்பியின் கட்டணத்தை நினைத்துத் தூக்கம் கெடுகிற ஒருத்தியைப் பொறுப்பற்றவள் என்று யார் சொல்ல முடியும்? கவலையும் சிரிப்பும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் இருப்பதுதான் இயல்பு. சிரித்தால் சம்பளம் கூடாது என்பது உண்மை. சிரிக்காமல் இருந்தாலும் கூடாது. அதற்கு மேலாளரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். அவசியம் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் மனம் நின்ற இடம், "சரி, தூங்கு" என்ற பதில். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு அந்த அம்மா ஒரு நிமிடம் தாயாகிவிட்டார். எழுப்பவில்லை, திருத்தவில்லை, "நான் உன் அம்மா இல்லை" என்று சொல்லவும் இல்லை. இதைக் கவனித்து, வரிசை குலையாமல் நினைவில் வைத்து, எழுதவும் தெரிகிறது உங்களுக்கு. இது பெரிய செல்வம்.

உங்கள் அத்தை, "பொம்பளை சிரித்தால் போச்சு, புகையிலை விரித்தால் போச்சு" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. அந்தப் பழமொழி மீது எனக்குத் தீராத கோபம் உண்டு, உங்கள் அத்தை மீது இல்லை. ஏனென்றால் நீங்கள் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்ட அந்த ஒரு வரியில் அவரைப் பற்றிய முழு உண்மையும் இருக்கிறது. நலுங்கில் என்ன நடக்கிறது? புதுப்பெண் மாப்பிள்ளையின் தலைக்கு மேல் அப்பளத்தை நொறுக்குகிறாள். இருவரும் தேங்காய் உருட்டுகிறார்கள். சுற்றி உட்கார்ந்த பெண்கள் சம்பந்தி வீட்டாரின் கஞ்சத்தனத்தையும் மாப்பிள்ளையின் மூக்கையும் ராகம் போட்டு ஏசுகிறார்கள். ஏசப்பட்டவர்களும் கூடவே சிரிக்க வேண்டும், கோபித்துக்கொண்டால் மரியாதை இல்லை. பெண்களின் கேலி எவ்வளவு கூர்மையானது என்று தெரிந்த சமூகம், அதற்கு ஒரு கூடத்தையும் ஒரு மாலை நேரத்தையும் மட்டும் ஒதுக்கிக் கொடுத்தது. அந்தக் கூடத்துக்குள் உங்கள் அத்தை ராணி. வெளியே வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் ரயிலில் சிரித்தது அவருக்கு அச்சமாக இருந்திருக்கும்.

அலுவலகத் தோழியின் கேள்விதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சங்க இலக்கியமான கலித்தொகையில் கபிலர் பாடிய ஒரு குறிஞ்சிக்கலி, அதாவது மலைநிலத்துக் காதல் பாட்டு, "சுடர்த்தொடீஇ! கேளாய்" என்று தொடங்குகிறது. ஒரு பெண் தன் தோழியைக் கூப்பிட்டு, வீட்டில் நடந்ததைச் சொல்கிறாள். சின்ன வயதில் தெருவில் நாம் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்தானே, நம் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினானே, அந்தப் பயல் ஒருநாள் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தான். அம்மா கொடுக்கச் சொன்னாள். போனேன். வளையணிந்த என் கையைப் பிடித்துவிட்டான். "அம்மா, இவன் செய்ததைப் பார்" என்று கத்திவிட்டேன். அம்மா அலறிக்கொண்டு ஓடிவர, "தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான்" என்று சொல்லிவிட்டேன். அம்மா அவன் முதுகை நீவிவிட, அவன் கடைக்கண்ணால் என்னைக் கொல்வது போலப் பார்த்துச் சிரித்தான், அந்தத் திருட்டுப் பயல்!

(கேட்காமல் கையைப் பிடிப்பது தவறு, அன்றும் தவறுதான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்ததால் அது கதையாயிற்று.)

இந்தப் பாட்டில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரு விக்கல், ஒரு பொய், விவரம் அறியாமல் முதுகை நீவும் ஒரு தாய். ஆனால் கேட்க ஒரு தோழி இருக்கிறாள், அதனால் அது இத்தனை நூற்றாண்டுகளாக உயிரோடு இருக்கிறது. "இதில் என்ன இருக்கிறது?" என்று அந்தத் தோழி கேட்டிருந்தால் பாட்டு முதல் வரியிலேயே முடிந்திருக்கும். உங்களுக்குக் குறைவது சந்தோஷம் இல்லை, அந்தத் தோழிதான் என்று நினைக்கிறேன். விடுதியில் தேடுங்கள். குளியலறை வரிசையில் வாளியோடு நிற்கும்போது எதையாவது பார்த்துத் தனியாகப் புன்னகைக்கிற ஒருத்தி நிச்சயம் இருப்பாள்.

இரண்டு பேருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காரணமே இல்லாமல் பேருந்தில் ஏறுங்கள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகும் பெண்களுக்கு அது பெரிய உதவி என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் ஊர் சுற்றுவதற்கும் அது உதவும் என்பதை நான் எழுதிவைக்க விரும்புகிறேன். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் தடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாதிச் சென்னை கண்ணில் படும். "எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய்?" என்ற கேள்வி பெண்களுக்கு மட்டும் ஓயாமல் வருகிறது. சும்மா போவதில் உள்ள சுகம் பையன்களுக்குச் சின்ன வயதிலேயே கிடைத்துவிடுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அலுவலகத்தில் யாராவது உங்கள் நிறத்தையோ உடையையோ கேலி செய்துவிட்டு, "தமாஷ்கூடப் புரியாதா?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். மரியாதைக்காகச் சிரிக்கிற சிரிப்பு இளம் பெண்களிடம்தான் அதிகம் வசூலிக்கப்படுகிறது. அதைக் கொடுத்தே பழகிவிட்டால் உங்கள் சொந்தச் சிரிப்பு எது என்று உங்களுக்கே மறந்துபோகும்.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் சிரிப்பைத்தான் முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லி, அவற்றில் இளமையையும் சேர்க்கிறது. உங்கள் வயதில் சிரிப்பதற்கு இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அத்தையை உட்காரவைத்து, அவர் பாடியதிலேயே மிகவும் பொல்லாத நலுங்குப் பாட்டு எது என்று கேளுங்கள். யாரை ஏசினார், அவர்கள் முகம் எப்படிப் போனது, அன்றைக்கு எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்றும் கேளுங்கள். முதலில் மறுப்பார், விடாதீர்கள். பாடினால் எழுதிக்கொண்டு எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா